செயற்கைக்கோள் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? நிலப்போர்வை வரைபடத் துல்லியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போடும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வரைபடத்தைக் காட்டினால் மாணவர்களும் சரி, ஊராட்சித் தலைவர்களும் சரி, முதலில் கேட்பது "இது எவ்வளவு சரியா இருக்கும்?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டு நகர்வது நியாயமான பதில் ஆகாது. பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

நிலப்போர்வை வரைபடம் என்றால் என்ன? நிலப்பயன்பாட்டு வரைபடமும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. தரையை மேலிருந்து பார்த்தால் என்ன மூடியிருக்கிறதோ அது நிலப்போர்வை: மரம், பயிர், தண்ணீர், கட்டடம், வெறுந்தரை. அந்த நிலத்தை மனிதர்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது நிலப்பயன்பாடு. கருவேலம் அடர்ந்த கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போர்வை மரம், பயன்பாடு நீர்ப்பாசனம். வருவாய்த்துறைக் கணக்கில் அது நீர்நிலைப் புறம்போக்கு. செயற்கைக்கோளுக்குப் போர்வை மட்டும்தான் தெரியும்.

வரைபடம் பிக்சல் பிக்சலாக, அதாவது சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக உருவாகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். இந்தியாவின் லிஸ்-3 கருவியில் 23.5 மீட்டர், கிட்டத்தட்ட பதிமூன்றரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் 30 மீட்டர், 22 சென்ட். ஒரு பிக்சலுக்கு ஒரு பெயர்தான் கிடைக்கும். இரண்டரை சென்டுக்குள் பாதி வரப்பு, பாதி பனைமரம் என்றிருந்தாலும் ஏதாவது ஒன்றாகத்தான் எழுதப்படும்.

மென்பொருளே 96% என்று காட்டுகிறதே, அது போதாதா?

போதாது. வகைப்படுத்தும் நிரலுக்கு நாம் முதலில் சில இடங்களைக் காட்டி, "இது கருவேலம், இது நெல்" என்று பயிற்சி கொடுக்கிறோம். பல நேரங்களில் மென்பொருள் அந்த இடங்களிலேயே கொஞ்சத்தை ஒதுக்கி வைத்து, அவற்றைக் கொண்டே தன்னைச் சோதித்துக்கொள்கிறது. பாடம் நடத்தும்போது போட்டுக் காட்டிய கணக்கையே தேர்விலும் கேட்ட மாதிரிதான் இது.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. ஒரே தோப்பைச் சுற்றிக் கோடு வரைந்து, அதற்குள் இருக்கும் 200 பிக்சலில் 140-ஐப் பயிற்சிக்கும் 60-ஐச் சோதனைக்கும் பிரித்தால், பெயருக்குத்தான் அவை வெவ்வேறு. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றைப் போலவே இருக்கும், அதனால் மதிப்பெண் தானாக ஏறிவிடும். சோதனைப் புள்ளிகளை வரைபடம் முடிந்த பிறகு, பயிற்சிக்குத் தொடர்பே இல்லாமல், வரைபடத்தின் முழுப் பரப்பிலிருந்தும் புதிதாக எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குலுக்கல் முறையில். எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். மொத்தப் பரப்புக்கும் சேர்த்து ஒரே குலுக்கல் போட்டால் சிறிய வகைகளுக்குப் புள்ளி கிடைக்காமல் போகும். அதனால் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வகையையும் ஒரு அடுக்காக வைத்து, அடுக்குக்குள் குலுக்குவார்கள். இதை அடுக்குவாரிச் சமவாய்ப்பு மாதிரி என்று சொல்லலாம்.

நடைமுறையில் எல்லோரும் வழுக்குவது சாலையோரத்தில்தான். வண்டி போகும் இடத்தில் நிறுத்தி, இறங்கி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். சாலையோர வயல் பெரியது, தெளிவானது. வரைபடம் அங்கே சரியாகத்தான் இருக்கும். கண்மாயின் நடுவில், முள்ளுக்குள் நுழைந்தால்தான் போக முடியும் என்கிற இடத்தில்தான் அது தடுமாறும். குலுக்கலில் வந்த புள்ளிக்குப் போக முடியாவிட்டால், பக்கத்தில் வசதியான இன்னொன்றை எடுத்துக்கொள்ளாதீர்கள். உயர்தெளிவுப் படத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவும் முடியாதபோது "பார்க்க இயலவில்லை" என்று எழுதி, அப்படி எத்தனை என்பதையும் வெளியிடுங்கள்.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

துறையில் நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு: வகைக்குக் குறைந்தது 50, பரப்பு பெரிதாகவோ வகைகள் பன்னிரண்டுக்கு மேலோ இருந்தால் 75 முதல் 100. தொடங்குவதற்கு இது சரி. ஆனால் எந்த எண்ணை எவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் உண்மையான தேவை அமையும். அடுத்த இரண்டு பதில்களில் அது புரியும்.

பிழை அணி என்கிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

வரைபடம் சொன்னதையும் தரையில் இருந்ததையும் ஒப்பிடும் அட்டவணைதான் பிழை அணி. இதை நிதானமாகப் பார்ப்போம், மற்ற எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஒரு தாலுகாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தம் 1,00,000 ஹெக்டேர். நாம் போட்ட வரைபடத்தின்படி கருவேலம் 10,000, பயிர்நிலம் 80,000, நீர்நிலை 10,000. அடுக்குக்கு 100 புள்ளி வீதம் 300 புள்ளிகளைச் சோதித்தோம். கிடைத்தது இது (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை):

| வரைபடம் சொன்னது | தரையில் கருவேலம் | தரையில் பயிர்நிலம் | தரையில் நீர்நிலை | மொத்தம் |
|---|---|---|---|---|
| கருவேலம் | 80 | 18 | 2 | 100 |
| பயிர்நிலம் | 5 | 93 | 2 | 100 |
| நீர்நிலை | 6 | 4 | 90 | 100 |

மூலைவிட்டத்தில் இருப்பவை சரியானவை: 80 + 93 + 90 = 263. 300-க்கு 263 என்றால் 87.7%. பெரும்பாலான அறிக்கைகள் இந்த எண்ணோடு முடிந்துவிடும்.

இப்போது கருவேல வரிசையைக் குறுக்கே படியுங்கள். வரைபடம் கருவேலம் என்ற 100 இடங்களில் 80-இல்தான் அது இருந்தது. இது பயனர் துல்லியம், 80%. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மரம் வெட்டக் கிளம்புகிறவருக்கு வேண்டிய எண் இது. ஐந்து இடத்துக்குப் போனால் ஓரிடத்தில் ஏமாறுவார்.

அடுத்து, கருவேல நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். தரையில் கருவேலமாக இருந்த 91 புள்ளிகளில் 80-ஐ வரைபடம் பிடித்திருக்கிறது. இது தயாரிப்பாளர் துல்லியம், 87.9%. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். தப்பு இங்கேதான் நடக்கிறது.

பயிர்நில அடுக்கின் 100 புள்ளிகள் 80,000 ஹெக்டேருக்காகப் பேசுகின்றன. கருவேல அடுக்கின் 100 புள்ளிகள் 10,000 ஹெக்டேருக்காக மட்டுமே. பயிர்நிலத்தில் தவறவிட்ட 5 புள்ளி என்பது 80,000-இல் 5%, அதாவது 4,000 ஹெக்டேர் கருவேலம். ஒவ்வொரு அடுக்கையும் அதன் பரப்பால் எடை போட்டுக் கூட்டுவோம்:

கருவேல அடுக்கிலிருந்து 8,000
பயிர்நில அடுக்கிலிருந்து 4,000
நீர்நிலை அடுக்கிலிருந்து 600
ஆக மொத்தம் 12,600 ஹெக்டேர்.

உண்மையான கருவேலப் பரப்புக்கு நம் மதிப்பீடு 12,600. வரைபடம் அதில் பிடித்தது 8,000. தயாரிப்பாளர் துல்லியம் 87.9% இல்லை, 63.5%தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரைபடத்தில் விழவே இல்லை. இத்தனைக்கும் பரப்பால் எடையிட்ட மொத்தத் துல்லியம் 91.4% என்று உயர்கிறது! மொத்த எண் ஏறும்போதே நமக்கு வேண்டிய வகை சரிகிறது. மொத்தத் துல்லியத்தை மட்டும் சொல்கிற அறிக்கையை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் வரைபடத்தில் பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்லக் கூடாதா?

கூடாது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் பிக்சலை எண்ணினால் 10,000 ஹெக்டேர், பிழையைத் திருத்தினால் 12,600. கருவேலத்தை அகற்ற மதிப்பீடு போடுபவருக்கு 2,600 ஹெக்டேர் சின்ன வித்தியாசமா?

திருத்திய எண்ணையும் தனியாகச் சொல்லக் கூடாது, அதன் நம்பிக்கை இடைவெளியோடு சொல்ல வேண்டும். 300 புள்ளிகளுக்குக் கணக்குப் போட்டால் 95% நம்பிக்கையில் இடைவெளி இருபக்கமும் சுமார் 3,560 ஹெக்டேர். அதாவது உண்மைப் பரப்பு ஏறத்தாழ 9,000-இலிருந்து 16,200 வரை எங்கும் இருக்கலாம். இந்த அகலத்தின் பெரும்பகுதி பயிர்நில அடுக்கிலிருந்து வருகிறது, பரப்பு பெரிது என்பதால். அந்த அடுக்கில் மட்டும் 100-க்குப் பதில் 400 புள்ளி எடுத்து, அதே 5% கிடைத்ததென்றால் இடைவெளி சுமார் 1,940-ஆகச் சுருங்கும். அப்போதுதான் "வரைபடத்தின் 10,000 குறைவு" என்று துணிந்து சொல்ல முடியும். எத்தனை புள்ளி என்ற கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது: உங்களுக்கு வேண்டிய வகை எந்த அடுக்கில் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அங்கே கூட்டுங்கள்.

இந்தக் கணக்கு முறையை 2014-இல் ஓலாஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் தெளிவாகத் தொகுத்து வெளியிட்டார்கள். அதன் பிறகும் பிக்சலை எண்ணுவது நின்றபாடில்லை.

கப்பா குணகம் போட வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. 1960-இல் ஜேக்கப் கோஹன் உளவியலில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கக் கொண்டுவந்த அளவு அது. தற்செயலாகச் சரியாகும் பங்கைக் கழிக்கும். தவறான இடத்தில் வரும் மரம் ஏன் தவறு, எவ்வளவு தவறு என்று அது எதுவும் சொல்லாது. 2011-இல் பான்டியஸும் மில்லோன்ஸும் இதைக் கைவிடச் சொல்லி வலுவாக வாதிட்டார்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி கட்டாயம் கேட்டால் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். ஆனால் பிழை அணியை முழுதாகக் கொடுங்கள்.

85% இருந்தால் தேர்ச்சியா?

இந்த 85-க்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆண்டர்சனும் குழுவினரும் 1976-இல் வகைப்பாட்டு முறை ஒன்றை வெளியிட்டபோது, குறைந்தது 85% இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். முதல் லேண்ட்சாட் 1972-இல்தான் விண்ணுக்குப் போயிருந்தது. அவர்களுடைய தேவைக்கு அவர்கள் வைத்த அளவு, இன்று எல்லா ஆய்வேட்டிலும் தேர்ச்சி மதிப்பெண் மாதிரி ஆகிவிட்டது.

தேவையைக் கேட்காமல் தேர்ச்சி சொல்ல முடியாது. மாவட்டத்தில் பயிர்ப்பரப்பு தோராயமாக எவ்வளவு என்று பார்க்க 80% தாராளம். ஒருவர் வீட்டை நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்வதற்கு 95%-கூடப் போதாது, அங்கே நேரில் போய்த்தான் அளக்க வேண்டும்.

கூகுள் எர்த்தில் பார்த்துச் சரிபார்த்தால் போதுமா, களத்துக்குப் போக வேண்டுமா?

கூகுள் எர்த் புரோ நல்ல துணை. பழைய படங்களையும் காட்டும். ஆனால் படத்தின் தேதியைப் பார்க்காமல் ஒரு புள்ளிக்கும் பெயர் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர்ப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. 2019 வரைபடத்தை 2018 கோடைப் படத்தோடு ஒப்பிட்டால், சரியாக இருக்கும் வரைபடத்தைத் தப்பு என்று எழுதிவிடுவீர்கள். டெல்டாவில் பருவமும் சேர்ந்து குழப்பும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய சம்பா வயல் மேலிருந்து பார்க்க நீர்நிலை மாதிரியே இருக்கும், பொங்கல் சமயம் அதே இடம் விளைந்த நெல்.

களத்துக்குப் போனாலும் தேதிச் சிக்கல் விடாது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய். வரைபடம் கருவேலம் என்று சொன்ன புள்ளியைத் தேடி, மே மாத வெயிலில் முள்ளை விலக்கிக்கொண்டு அரை மணி நேரம் நடந்து போனேன். புள்ளி விழுந்த இடம் பளிச்சென்று திறந்த வெளி. நடுவில் மண் பூசிய கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. படிவத்தில் "வெறுந்தரை, வரைபடம் தவறு" என்று எழுதப் போனேன். மூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி தேடுறீங்க?"

"இந்த எடத்துல கருவேலம் இருக்கணும்ணே. படத்துல அப்படித்தான் இருக்கு."

"படம் எப்ப எடுத்தது?"

"தை மாசம்."

"அப்ப சரியாத்தான் இருக்கு. நாங்க மாசியிலதானே வெட்டுனோம். இந்தா பாருங்க, கட்டையில துளிர் வந்துருச்சு. மழை விழுந்துச்சுன்னா ஆளுயரம் நிக்கும்."

அடிக்கட்டையைச் சுற்றி விரல் நீளத்துக்குப் பச்சைத் துளிர்கள். வரைபடம் சரி, என் படிவம்தான் தப்பாகியிருக்கும். அன்றிலிருந்து என் களப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதல்: "படம் எடுத்த நாளில் இங்கே என்ன இருந்தது?", "யாரிடம் கேட்டீர்கள்?" ஆடு மேய்ப்பவர், கரி சுடுபவர், மடை திறக்கும் நீர்க்கட்டி, இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நிலத்தின் நாள்கணக்கு எந்தப் படத்திலும் இல்லை.

புள்ளி சரியாக வரப்பில் விழுந்தால்?

திறந்தவெளியில்கூட போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். செயற்கைக்கோள் படமும் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். 10 மீட்டர் பிக்சலுக்கு இது பெரிய தொல்லை. அதற்காக ஓரப் புள்ளிகளைத் தூக்கிப் போடுவது தவறு, பிழைகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கின்றன. பிக்சலுக்குள் எது அதிகமோ அதை முதல் பெயராகவும், அடுத்ததை இரண்டாம் பெயராகவும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துப் பெயர் வைக்கட்டும். இருவரும் முரண்படும் புள்ளிகளின் எண்ணிக்கையே உங்கள் "உண்மை" எவ்வளவு உறுதியானது என்று காட்டிவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் உலக வரைபடங்களை அப்படியே பயன்படுத்தலாமா?

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பகுதியில் சோதித்த பிறகு. 10 மீட்டர் அளவில் மூன்று பிரபலமானவை இருக்கின்றன: ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர், கூகுளின் டைனமிக் வேர்ல்டு, எஸ்ரி நிறுவனத்தின் வரைபடம். வேர்ல்டுகவர் தன் மொத்தத் துல்லியத்தை 2020-க்கு 74.4%, 2021-க்கு 76.7% என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதில் 11 வகைகள் உண்டு. சீமைக்கருவேலத்துக்குத் தனி வகை இல்லை. அது "மரம்" ஆகவும் வரும், "புதர்" ஆகவும் வரும்.

2022-இல் இந்த மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வை மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். உலகளாவிய சோதனைத் தரவை வைத்துப் பார்த்தபோது எஸ்ரி 75%, டைனமிக் வேர்ல்டு 72%, வேர்ல்டுகவர் 65%. ஐரோப்பாவில் நேரில் சென்று சேகரித்த, இன்னும் சிறிய இடங்களைக் கணக்கில் எடுக்கும் தரவை வைத்தபோது வரிசை தலைகீழ்: வேர்ல்டுகவர் 71%, டைனமிக் வேர்ல்டு 66%, எஸ்ரி 63%. வரைபடங்கள் அதே மூன்றுதான், அளவுகோல்தான் மாறியது. முதலிடம் எது என்று கேட்பவர்களிடம், எதை வைத்து அளந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

தென்னந்தோப்பை ஏன் காடு என்கிறார்கள்? இது பிழை இல்லையா?

வரையறைப்படி பிழை இல்லை. இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பரப்பும் 10%-க்குக் குறையாத மர நிழலும் இருந்தால் வனப்போர்வை, நிலம் யாருடையதாக இருந்தாலும், என்ன மரமாக இருந்தாலும். அந்தக் கணக்கில் தோப்பும் வரும், கருவேலமும் வரும். துல்லியச் சோதனை, வரைபடம் தன் வரையறைக்கு உண்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த வரையறை நமக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம், அதை நாம்தான் நடத்த வேண்டும். "காடு கூடியிருக்கிறது" என்று செய்தி வந்தால் முதலில் வரையறையைப் படியுங்கள்.

இரண்டு ஆண்டு வரைபடங்களைக் கழித்தால் மாற்றம் தெரிந்துவிடுமா?

தெரியும், பெரும்பாலும் தப்பாக. இரண்டும் 90% சரி, பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்தால், இரண்டிலும் சரியாக இருக்கும் பரப்பு 81%தான். உண்மையில் மாறிய நிலமோ ஆண்டுக்கு ஓரிரு சதவீதமாக இருக்கும். பிழைக்குள் மாற்றம் மூழ்கிப்போகும். மாற்றத்தையே ஒரு வகையாக வைத்து, அதற்குத் தனியாகப் புள்ளி எடுத்து, இரண்டு தேதிப் படங்களையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள்.

என்ன மென்பொருள் வேண்டும்?

காசு செலவில்லாமலே எல்லாம் முடியும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதில் அகாட்டாமா என்ற செருகுநிரல்: அடுக்குவாரியாகப் புள்ளி போடும், பெயர் வைக்க வசதி தரும், பரப்பால் எடையிட்ட கணக்கையும் தரும். களத்துக்கு கியூஃபீல்டு செயலி. பலர் சேர்ந்து உட்கார்ந்து படங்களைப் பார்த்துப் பெயர் வைப்பதென்றால் கலெக்ட் எர்த் ஆன்லைன் என்ற இணையதளம். மேலே போட்ட கணக்கு முழுவதையும் எக்செலில் பத்து வரியில் போட்டுவிடலாம். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

அறிக்கையில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு வகையின் வரையறை. படங்களின் தேதி, சோதனைத் தரவின் தேதி. புள்ளிகளை எப்படிக் குலுக்கினீர்கள், அடுக்குக்கு எத்தனை, எத்தனையைப் பார்க்க முடியவில்லை. பிழை அணி, சதவீதமாக மாற்றாமல் எண்ணிக்கையாகவே. ஒவ்வொரு அடுக்கின் பரப்பு. பயனர், தயாரிப்பாளர் துல்லியங்கள், திருத்திய பரப்பு, எல்லாவற்றுக்கும் நம்பிக்கை இடைவெளி. முடிந்தால் புள்ளிகளின் கோப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். தனியார் நிலத்தில் விழுந்த புள்ளிகளில் நில உரிமையாளர் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையும் பரப்பும் இருந்தாலே உங்கள் கணக்கை வேறொருவர் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும். கோப்பும் கிடைத்தால், அடுத்த கோடையில் அதே கண்மாய்க்குள் நுழைகிறவர் உங்கள் புள்ளியிலிருந்தே தொடங்கலாம்.